கையெழுத்துக்கு முந்தின நாள் கூப்பிடாதீர்கள்: மலை நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், அந்தப் பக்கம் கொடைக்கானல், தாண்டிக்குடி என்று மலையில் தலைமையகமோ தோட்டமோ வைத்துக்கொண்டு, பக்கத்து மாநிலங்களிலும் கடல் தாண்டியும் வியாபாரம் செய்கிற நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களுக்கு இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஒரு நிறுவனத்தில்தான் சட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். இந்த வேலையில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் சந்திக்கும்போதெல்லாம் ஒருவரிடம் ஒருவர் புலம்புவதைத்தான் உங்களிடமும் சொல்லப்போகிறேன்.

என் பிரிவில் நாங்கள் நாலு பேர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், துபாயில் ஒரு கிளை, லண்டனில் ஒரு சிறிய துணை நிறுவனம். இத்தனைக்கும் நாலு பேர் போதுமா என்று அனுதாபத்தோடு கேட்கிறவர்கள் உண்டு. போதும். ஆள் கேட்டு இதை எழுதவில்லை.

நான் கேட்பது வேறு. ஒரு நிறுவனம் எந்த ஊர்ச் சட்டத்துக்குள் காலை வைக்கிறது என்பதைச் சட்டப் பிரிவு ஒருநாளும் முடிவு செய்வதில்லை. லாரி எந்த ரோட்டில் போகிறது, மேனேஜர் எந்த நாட்டு ஓட்டலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார், வாடிக்கையாளர் பட்டியல் யாருடைய சர்வரில் கிடக்கிறது, காப்பி எந்த சர்வே நம்பரிலிருந்து வந்தது, இவைதான் முடிவு செய்கின்றன. அந்த முடிவெல்லாம் எடுக்கப்படும்போது நாங்கள் அந்த அறையில் இருப்பதில்லை. விலை பேசி, கை குலுக்கி, போட்டோ எடுத்து முடித்த பிறகு, “நாளைக்கு சைன் பண்ணணும், லீகல்ல ஒரு பார்வை பார்த்துக் கொடுத்துடுங்க” என்று மாலை ஆறு மணிக்கு ஒரு மெயில் வரும். கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தான பிறகு ஜாதகத்தைக் கொண்டுவந்து காட்டுகிற மாதிரி இது. பொருத்தம் இல்லை என்றால் ஜோசியர்மேல்தான் கோபம்.

லாரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது எல்லோருக்கும் புரியும். பெங்களூரில் உட்கார்ந்திருக்கிற விற்பனைப் பிரிவுக்கு மேப்பில் ஊட்டியும் மைசூரும் பக்கம் பக்கம். சாயந்திரம் பேக்டரியில் லோடு ஏற்றினால் விடிவதற்குள் மைசூர் கிடங்கில் இறங்கிவிடும் என்று சப்ளை ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள். தாமதமானால் அபராதம் என்று வாங்குகிறவர் ஒரு வரி சேர்க்கிறார், அதற்கும் சரி. பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிக்கிடக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதி செய்துவிட்டது. சரி, மேட்டுப்பாளையம் இறங்கி, சத்தியமங்கலம் போய், திம்பம் மலைப்பாதை ஏறலாமே என்றால், அங்கே 2022-லிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரவுத் தடை. மலையிலிருந்து மைசூர் பக்கம் போக இரண்டு பாதை, இரண்டு உயர் நீதிமன்றங்களின் உத்தரவு. கூடலூரில் எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் சொல்வார். ஒப்பந்தம் எழுதினவர் டிரைவரையும் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை.

முன்னாலேயே காட்டியிருந்தால் இது இருபது நிமிட வேலை. வனச்சாலை மூடும் நேரம் தாமதக் கணக்கில் சேராது என்று ஒரு வரி சேர்த்திருப்போம். கையெழுத்தான பிறகு, அந்த ஒரு வரியைச் சேர்க்க எதிர்த்தரப்பு விலையில் சலுகை கேட்கும். லண்டனிலிருந்து வருகிற மாதிரி ஒப்பந்தங்களும் இதே கதைதான். தவிர்க்க முடியாத காரணங்கள் என்ற தலைப்பில் போர், கலகம், கொள்ளைநோய் எல்லாம் வரிசையாக இருக்கும். ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைபடுவது மட்டும் இருக்காது.

அடுத்தது காப்பி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எவ்வளவு ஆழத்தில் கால் வைத்திருக்கிறோம் என்று உங்களில் பலர் இன்னும் பார்க்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்பு தொடர்பான ஒரு ஒழுங்குவிதி கொண்டுவந்தது. மாடு, கோக்கோ, காப்பி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருள்கள் அதில் வருகின்றன. தேயிலை இல்லை. ஆகவே குன்னூர் பக்கம் இருப்பவர்கள் “நமக்கு இல்லப்பா” என்று விட்டுவிட்டார்கள். பந்தலூரிலும் கீழ்ப்பழனி மலையிலும் காப்பி வைத்திருப்பவர்கள் அப்படி விட முடியாது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த காப்பியை ஐரோப்பாவில் விற்க முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்க வேண்டும். நாலு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் என்றால் ஒரு புள்ளி போதாது, எல்லை முழுவதையும் வரைந்து தர வேண்டும். அமலுக்கு வரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போனதால் பலர் இதை மறந்தே போய்விட்டார்கள். வாங்குகிற ஜெர்மன்காரர் மறக்கவில்லை, படிவத்தை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்.

அந்த விதியில் காடழிப்பு ஒரு பாதிதான். விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு பாதி, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையும் அதில் அடக்கம். இங்கேதான் கூடலூர் வருகிறது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களாக, அதாவது பரம்பரை உடைமையாக இருந்தவற்றை, அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969-ல் தமிழ்நாடு தனியாக ஒரு சட்டம் இயற்றியது. கோவிலகத்திடம் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போட்டவர்களின் நிலம் அதன் 17-வது பிரிவில் வருகிறது: அந்தக் குத்தகையை அரசு தொடரவும் விடலாம், முடிக்கவும் செய்யலாம். செக்‌ஷன் 17 நிலம் என்றால் என்ன என்று கூடலூரில் டீக்கடையில் கேட்டாலே அரை மணி நேரம் பாடம் எடுப்பார்கள். தலைமுறை தாண்டியும் முடியாத வழக்குகள் அதில் உண்டு.

இப்போது ஹாம்பர்க்கிலிருந்து ஓர் எக்செல் தாள் வருகிறது. கடைசிக் கட்டத்தில், ‘இந்த நிலத்தைப் பயன்படுத்தச் சட்டப்படி உரிமை உண்டா?’ என்று ஒரு கேள்வி. கொள்முதல் மேனேஜர் ‘ஆம்’ போட்டு அனுப்பிவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் பார்வையில் அது முப்பது கேள்விகளில் ஒன்று. ஆனால் கூடலூர் வருவாய்க் கோட்டத்தில் ஐம்பது வருடமாக முடியாத ஒரு கேள்விக்கு நம் நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லிவிட்டது. அந்த விதியை மீறினால், நிறுவனங்களுக்கான அபராதத்தின் உச்சவரம்பு ஒன்றியத்துக்குள் நடக்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது நாலு சதவீதமாவது இருக்கும்படி உறுப்பு நாடுகள் வைக்க வேண்டும். அபராதம் இறக்குமதி செய்கிறவருக்குத்தான். அவர் அதை அப்படியே நம் தலையில் இறக்க, இழப்பீட்டு உறுதி என்ற பெயரில் ஒப்பந்தத்தின் பின்பக்கம் ஒரு பத்தி ஏற்கெனவே காத்திருக்கிறது. அந்தப் பத்தியையும் யாரும் எங்களிடம் காட்டவில்லை.

என்ன செய்திருக்கலாம்? பட்டா நிலத்தில் விளைந்ததைத் தனி லாட்டாக வைத்து ஐரோப்பாவுக்கும், வழக்கு நிலுவையிலுள்ள நிலத்தில் விளைந்ததை வேறு சந்தைக்கும் பிரித்திருக்கலாம். கேள்விக்கு ‘ஆம்’ என்பதற்குப் பதிலாக உண்மை நிலையை இரண்டு வரியில் எழுதி, முடிவை வாங்குகிறவரிடமே விட்டிருக்கலாம். வியாபாரிகளிடம் கலந்து வாங்கும் காப்பியில் ஒரு மூட்டையின் ஊர் தெரியாவிட்டாலும் மொத்த லாட்டும் போய்விடும் என்று கொள்முதல் ஆட்களுக்கு அறுவடைக்கு முன்பே சொல்லியிருக்கலாம். இதற்கெல்லாம் கப்பல் புக் ஆவதற்கு முந்தின வாரம் நேரம் கிடையாது.

கூடலூர் என்றதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நாட்டின் வனச் சட்டத்தையே மாற்றிய டி.என். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு 1995-ல் தொடங்கியது கூடலூர் மலையில் நடந்த மரவெட்டைப் பற்றித்தான். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அது காடாக இருந்தால் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. நம் பக்கத்து மலையில் கிளம்பிய வழக்கு வடகிழக்கு மாநிலங்களின் மரப்பட்டறைகள் வரை போய்க் கதவைத் தட்டியது. சட்டம் மாவட்ட எல்லையோடு நின்றுவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

கையெழுத்து விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் துபாய் கண்காட்சிக்குப் போகிறார், அங்கேயே ஓர் உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் ஸ்டாம்ப் கட்டிவிட வேண்டும். யாரும் சொல்லாததால் அது அவர் மேஜை டிராயரிலேயே கிடக்கும். விட்டுப்போனால் கட்டாமல் விட்ட தொகையோடு அதன் பத்து மடங்கு வரை அபராதம் போட முடியும். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தனித்தனி ஸ்டாம்ப் சட்டம் இருப்பதால், ஒரு மாநிலத்தில் கட்டிய பத்திரம் இன்னொரு மாநிலத்துக்குள் வரும்போது வித்தியாசத் தொகை பாக்கி நிற்கலாம். ஸ்டாம்ப் இல்லாததால் ஒப்பந்தமே செல்லாது என்று ஆகிவிடாது, குறையைச் சரிசெய்துகொள்ளலாம் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. நல்லதுதான். ஆனால் சரிசெய்கிற வரை அந்தத் தாளை சாட்சியமாக ஏற்க மாட்டார்கள், எதிர்த்தரப்புக்கு அந்த இடைவெளி போதும்.

துபாய் ஒப்பந்தங்களில் இன்னொரு கண்ணி உண்டு. பழைய வார்ப்புருவிலிருந்து நகலெடுத்து, தகராறு வந்தால் டி.ஐ.எஃப்.சி-எல்.சி.ஐ.ஏ. நடுவர் மையத்துக்குப் போவோம் என்று இன்றும் எழுதுகிறார்கள். 2021-ல் துபாய் அரசு ஆணை 34 மூலம் அந்த மையத்தையே கலைத்துவிட்டது. இல்லாத அலுவலகத்தில் வழக்குப் போடுவோம் என்று இரண்டு தரப்பும் மனமாரச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுவதை வேறு எங்கே பார்க்க முடியும்?

வேலையை விட்டுப் போகிறவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையும் இப்படித்தான். அமீரகச் சட்டப்படி அதற்கு அதிகபட்சம் இரண்டு வருடம் வரை இடம் உண்டு. இந்தியாவில் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, வேலையை விட்ட பிறகு அப்படித் தடுப்பதைச் செல்லாது என்கிறது. மனிதவளப் பிரிவு ஒரே நியமனக் கடிதத்தை இரண்டு ஊருக்கும் அனுப்புகிறது. பெங்களூர்ப் பையன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறான்.

தகவல் திருட்டு பற்றி ஒரே ஒரு விஷயம். நாம் ஆன்லைனில் டீத்தூள் விற்கிறோம், ஐரோப்பாவில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். சர்வருக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு போட்ட 2022 உத்தரவுப்படி ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பியத் தகவல் பாதுகாப்பு விதிப்படி 72 மணி நேரம். நம்முடைய 2023 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன, கடமைகள் படிப்படியாக அமலாகின்றன. ஞாயிற்றுக்கிழமை காற்றில் மரம் விழுந்து குன்னூரில் கரண்ட் இல்லாத மத்தியானம், ஐ.டி. ஆள் விஷயத்தைக் கண்டுபிடித்து, ‘திங்கள்கிழமை ரிப்போர்ட் எழுதி லீகலுக்கு அனுப்பலாம்’ என்று நினைத்தால் முதல் கெடு அன்று இரவே தாண்டிவிடும். அவர் எங்களுக்குப் போன் அடிக்க வேண்டும். ரிப்போர்ட் அப்புறம் எழுதலாம்.

இனி, உங்களில் பலருக்குக் கசக்கப்போகிற விஷயம். சட்டப் பிரிவுக்கு ஒரு நகல் போட்டுவிட்டால் அந்த மெயில் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும் என்று நினைத்து, எதையெதையோ எழுதுகிறீர்கள். இந்தியாவில் அப்படி இல்லை. பார் கவுன்சில் விதி 49-ன்படி, ஒரு நிறுவனத்தில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்த அன்றே நாங்கள் வக்கீல் தொழிலை நிறுத்திவைத்துவிட்டோம். கறுப்புக் கோட்டு பீரோவில் தொங்குகிறது. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது: பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-வது பிரிவு வக்கீலுக்குத் தரும் ரகசியப் பாதுகாப்பு, நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கிற சட்ட அதிகாரிக்குக் கிடையாது. நிறுவனத்துக்காக வெளி வக்கீலோடு நாங்கள் நடத்தும் தொடர்புக்கு 134-வது பிரிவில் பாதுகாப்பு உண்டு. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நடப்பதற்கு இல்லை.

ஊருக்கு ஊர் இதுவும் மாறுகிறது. இங்கிலாந்தில் சம்பளத்துக்கு இருக்கும் வக்கீலின் ஆலோசனைக்கும் பாதுகாப்பு உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட விசாரணையில் இல்லை என்று 2010-ல் ஆக்சோ நோபல் வழக்கில் தீர்ப்பானது. ஒரே மெயில், குன்னூரிலிருந்து லண்டனுக்கும் அங்கிருந்து ஹாம்பர்க்குக்கும் சுற்றினால், ஓர் ஊரில் ரகசியம், இன்னோர் ஊரில் சாட்சியம்.

இதற்காக எங்களோடு பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். கேள்வி ஆபத்தானதாக இருந்தால், எழுதுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள். வெளியே ஒரு வக்கீலை அமர்த்தி, அவரிடம் கருத்துக் கேட்டு, அந்த வழியில் கோப்பை நடத்துவோம். அதற்குப் பணம் வேண்டும்.

பணம் என்றதும் நிதி மேலாளர் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும்: “நீங்க நாலு பேரு இருக்கீங்களே, வெளி வக்கீல் எதுக்கு?” விதி 49-ஐ மேலே சொன்னேன். எங்களால் குன்னூர் முன்சீஃப் கோர்ட்டில்கூட நிறுவனத்துக்காக வக்கீலாக வாதாட முடியாது. அது ஒரு பக்கம். ஊட்டியில் ஒரு வழக்கு தோற்றால் மேல்முறையீடு சென்னைக்கு. கொடைக்கானலில் தோற்றால், அது திண்டுக்கல் மாவட்டம் என்பதால், மதுரைக் கிளைக்கு. ஒரே மாநிலத்தின் இரண்டு மலைக்கே இரண்டு வக்கீல் வரிசை. வயநாட்டு எஸ்டேட் என்றால் எர்ணாகுளம். கூடலூர் நில வழக்குக்குப் பழைய மலையாள ஆவணங்களைப் படிக்கத் தெரிந்த, தாலுகா அலுவலகத்தில் எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த ஆள்தான் வேண்டும். சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய பெயரிடம் இதைக் கொடுத்தால், அவர் கூடலூர் ஆளுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டு, நமக்குப் பெரிய பில் அனுப்புவார்.

சின்னப் பிரிவை நடத்துவதில் நான் கற்றுக்கொண்ட வழி இதுதான்: எல்லா ஊர்ச் சட்டத்தையும் தெரிந்துகொள்ள முயல்வதில்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். அங்கே பிரச்சினை வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது, எந்தக் கெடு முதலில் முடிகிறது, நிறுவனத்தின் சார்பில் அங்கே யார் கையெழுத்துப் போடலாம், எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன் எங்களைக் கேட்டே ஆக வேண்டும். சட்டத்துக்கான விடை அதில் இருக்காது, அது வருடம் தவறாமல் மாறுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் உட்பட 29 சட்டங்கள் ஒரே நாளில் அவற்றுக்குள் போய்விட்டன. வீட்டு வாடகைப் படி முதலானவை மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால் மிச்சம் சம்பளக் கணக்கில் சேரும் என்பது ஒன்றே போதும், கிராஜுவிட்டி கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டும். அதிலும் மாநில விதிகள் தனித்தனி. சேரம்பாடியிலும் கல்பெட்டாவிலும் எஸ்டேட் வைத்திருக்கிறவர் இரண்டு பேரேடு வைத்தே தீர வேண்டும். விடைகளை மனப்பாடம் செய்திருந்தால் அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் அம்பேல்.

இந்தப் பக்கங்களைத் துறைத் தலைவர்கள் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறோம். ஐ.டி. ஆள் சுவரில் ஒட்டியிருக்கிறார். விற்பனைப் பிரிவு எங்கே வைத்திருக்கிறது என்று நான் கேட்பதில்லை.

பழனி மலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 1980-களில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2001-ல் மூடியது. பாதரசக் கழிவு 2003-ல் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 2016-ல் உடன்பாட்டுக்கு வந்தது. ஆலை ஓடிய காலத்தைப் போலவே, மூடிய பிறகான காலமும் நீண்டது. அதில் யார் எவ்வளவு பொறுப்பு என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் பார்ப்பது சட்டப் பிரிவின் கண்ணால்: ஒரு மலையில் எடுத்த முடிவுக்கு, அதை எடுத்த மேனேஜர்கள் எல்லோரும் மாற்றலாகி, ஓய்வு பெற்று, வேறு கண்டத்துக்குப் போன பிறகும் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. யார் எந்த வருடம் எதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார் என்ற கோப்பு யாரிடம் இருக்கிறது? பெரும்பாலான மலை நிறுவனங்களில் அது ஒரு பழைய ஹெட் கிளார்க்கின் தலைக்குள் இருக்கிறது. அவர் போன பிறகு பூஞ்சை பிடித்த அட்டைப்பெட்டியில். மலை ஈரத்தில் காகிதம் எப்படி ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோப்புகளை ஸ்கேன் செய்து வகை பிரிக்க ஓர் ஆளை அமர்த்தச் சொன்னால், “அதுல என்ன வருமானம்?” என்ற கேள்விதான் திரும்பி வருகிறது.

ஆள் எடுப்பதிலும் ஒரு கணக்குத் தவறுகிறது. சட்டப் பிரிவை பெங்களூருக்கு மாற்றிவிடலாமா என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஓர் இயக்குநர் கேட்கிறார். அங்கே நல்ல ஆட்கள் கிடைப்பார்கள் என்பது உண்மைதான், ஒன்றரை வருடத்தில் அடுத்த கம்பெனிக்குப் போவார்கள் என்பதும் உண்மை. கோவையிலும் சென்னையிலும் சட்டம் படித்துவிட்டு, அப்பா அம்மா கோத்தகிரியில் இருக்கிறார்கள், ஊரிலேயே வேலை கிடைத்தால் வருவேன் என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படுகு, தமிழ், மலையாளம், கன்னடம் நாலும் பேசுகிற ஒரு பெண் என் பிரிவில் இருக்கிறார். கூடலூர்த் தாலுகா அலுவலகத்திலும் குண்டல்பேட்டை வியாபாரியிடமும் அவர் முடிக்கும் வேலையை வேறு யாராலும் முடிக்க முடியாது. அவருக்கு “மலைதானே, செலவு கம்மி” என்று சொல்லிக் கோவைச் சம்பளத்தில் முக்கால் பங்கு கொடுக்கப் பார்த்தார்கள். குன்னூரில் வீட்டு வாடகை என்ன என்று இயக்குநர்கள் யாரும் விசாரிக்க நேர்ந்ததில்லை போலிருக்கிறது.

இன்னொன்று, கம்பெனி செக்ரட்டரியும் சட்டப் பிரிவும் ஒன்று என்று நினைப்பதை விட்டுவிடுங்கள். என் சக அதிகாரியான கம்பெனி செக்ரட்டரிக்கு ரிட்டர்ன், மினிட்ஸ், பங்குப் பதிவேடு என்று அவர் கழுத்து வரை வேலை இருக்கிறது. “அவர் பார்த்துட்டாரு” என்பது நாங்கள் பார்த்ததாக ஆகாது.

நான் யாருக்குக் கீழே வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல மலை நிறுவனங்களில் சட்டப் பிரிவு நிதித் தலைவருக்குக் கீழே இருக்கிறது. விற்பனைத் தலைவருக்குக் கீழே வைத்திருக்கும் இடங்களும் உண்டு. இந்த ஒப்பந்தம் இப்படியே போகக் கூடாது என்று நான் எழுதும் குறிப்பு, அந்த ஒப்பந்தத்தால் போனஸ் வாங்கப்போகிறவரின் மேஜை வழியாகத்தான் உங்களிடம் வருகிறது. வருவதற்குள் அதன் முதல் பத்தி காணாமல் போயிருக்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது, நடுவில் யாரும் இல்லாமல், சட்டப் பிரிவின் தலைவரை உங்கள் கூட்டத்துக்கு நேராக அழைத்துக் கேளுங்கள். நாங்கள் எத்தனை ஒப்பந்தம் பார்த்தோம் என்ற எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம், அது கூரியர்க்காரருக்கு உரிய கணக்கு. எந்த ஒப்பந்தங்கள் எங்களிடம் வராமல் போயின என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் உங்கள் பட்ஜெட் கூட்டங்கள் வரும். அதில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாகவே போடச் சொல்லிக் கேட்கிறேன். புதிய ஊர், புதிய நாடு, புதிய பொருள், புதிய சர்வர் எதுவானாலும், விலை பேசத் தொடங்கும் முன் சட்டப் பிரிவுக்கு ஒரு போன் போக வேண்டும், போகவில்லை என்றால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. வெளி வக்கீலுக்கு ஒதுக்கும் தொகை தனித் தலைப்பில் இருக்க வேண்டும், விற்பனைப் பிரிவின் செலவுக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்த ஓர் ஆள், இரண்டு வருடத்துக்கு.

தாண்டிக்குடி, பந்தலூர் காப்பிக்காரர்கள் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டாம். ஐரோப்பிய வாங்குநர்களுக்கு இதுவரை அனுப்பிய படிவங்களின் நகல்களை இந்த வாரமே உங்கள் சட்டப் பிரிவிடம் கொடுங்கள். பதில் அனுப்பிய மேனேஜரைத் திட்டாதீர்கள், திட்டினால் மிச்சப் படிவங்கள் கிடைக்காது.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து,
ஒரு தோட்ட நிறுவனத்தின் சட்டப் பிரிவுத் தலைவர்